99 டாலர் பாம் ஜையர்: வசதிகளை வெட்டியது சரியா?

எழுத்தாணி:
2002 அக்டோபரில் பாம் நிறுவனம் ஜையர் என்ற கையடக்க மின்னணு நாட்குறிப்பை 99 டாலருக்கு வெளியிட்டது. 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் ஈஇசட் சிப், 2 எம்பி நினைவகம், 160க்கு 160 புள்ளி கறுப்பு வெள்ளைத் திரை, பாம் ஓஎஸ் 4.1. பின்விளக்கு கிடையாது, கார்டு சொருக இடம் கிடையாது. வழக்கமான நான்கு நிரல் பட்டன்களுக்குப் பதிலாக இரண்டே இரண்டு. இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே "ஏமாற்று வேலை" என்று ஒதுக்குகிறவர்கள் இங்கே நிறைய. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு ஆகிய நான்குக்கும் அதில் எந்தக் குறையும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர், மூன்று தொலைபேசி எண், வீட்டு முகவரி சேர்ந்த ஒரு பதிவு 200 பைட் வரும். ஆயிரம் பேர் என்றால் 200 கேபி. குறிப்பு ஒன்று 4 கேபியைத் தாண்ட முடியாது. நூறு குறிப்பை முழுசாக நிரப்பினாலும் 400 கேபி. அடிப்படை நிரல்கள் எல்லாம் நம் தகவல் சேரும் ராமில் அல்ல, அழியாத ரோமில் இருக்கின்றன. அப்புறம் 2 எம்பி எப்படிப் போதாமல் போகும்?

நெய்தல்:
2 எம்பிக்கு நான் சண்டைக்கு வரல. மின்நூலோ அகராதியோ ஏத்தினா திணறும், அவ்வளவுதான். ராத்திரி பஸ்ல பின்விளக்கு இல்லாம ஒண்ணும் தெரியாது, அதையும் விட்டுடறேன். நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லாத இடம் பேட்டரி.

ராம்ல இருக்கிற தகவல் மின்சாரம் இருக்கிற வரைக்கும்தான் நிக்கும். ஜையர்ல லித்தியம் அயான் பேட்டரி உள்ளேயே இருக்கு, நாம கழட்டி மாத்திப்போட வழி இல்ல. அலமாரியில சில மாசம் மறந்து வெச்சா முழுசா வத்திடும், ஆயிரம் முகவரியும் அழிஞ்சிடும். அணைச்சு வெச்சிருந்தாலும் ராமைத் தாங்க சொட்டு சொட்டா மின்சாரம் போய்க்கிட்டேதான் இருக்கும். தகவலைப் பத்திரமா வெச்சுக்கத்தானே இந்தச் சாதனத்தையே வாங்கறோம்?

இதே நிறுவனத்தோட எம்105 பாருங்க. 8 எம்பி, பின்விளக்கு, ரெண்டு ஏஏஏ பேட்டரி. தீர்ந்தா பெட்டிக்கடையில வாங்கிப் போட்டுக்கலாம்.

எழுத்தாணி:
எம்105 வந்தபோது அதன் விலை ஜையரைப் போல இரண்டு மடங்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நண்பரே. ஏஏஏ மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. பேட்டரியைக் கழற்றியதும் ராமைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஒரு மின்தேக்கி மட்டும்தான். ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டாக வேண்டும். மின்தேக்கி பழசாகிவிட்டால் அந்த ஒரு நிமிடமும் நிச்சயமில்லை.

இன்னொன்று, எம்105 கணினியோடு இணைவது பழைய சீரியல் வழியில். இன்றைய கணினியில் அதற்குத் துளையே இல்லை, இடையில் ஒரு மாற்றி வேண்டும். ஜையரில் சாதாரண மினி யூஎஸ்பி. அதே முனையுள்ள பழைய கேமரா கேபிள் எதுவானாலும் பொருந்தும். பாமின் அன்றைய மற்ற கருவிகளுக்குத் கருவியை நிறுத்தி இணைக்கும் தனித் தொட்டிலோ தனிக் கேபிளோ தேவைப்பட்டது. மலிவு விலைச் சாதனத்தில் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான் என்பேன்.

குறிப்பேடு:
இரண்டு பேருமே ஒத்திசைவைத் தொடாமல் பேசுகிறீர்கள். நினைவகம் அழிந்தால் தகவல் திரும்புமா என்பது முழுக்க ஹாட்சிங்கை, அதாவது சாதனத்தையும் கணினியையும் ஒத்திசைக்கும் வசதியைப் பொறுத்தது. அதில் பலர் தடுக்கி விழும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அழிந்த ஜையரைச் சார்ஜ் செய்து எழுப்பினால் அது பெயர் இல்லாத புதுச் சாதனமாக எழும். முதல் ஹாட்சிங்கின்போது கணினி பயனர் பெயர் கேட்கும். அங்கே பழைய பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பெயரைப் புதிதாகத் தட்டி இன்னொரு பயனரை உருவாக்கினால் வெறும் கணக்குத்தான் கிடைக்கும். பழைய தகவல் வேறு கோப்புறையில் அப்படியே கிடக்கும். சந்தேகம் இருந்தால் ஹாட்சிங் அமைப்பில் நான்கு நிரல்களுக்கும் "கணினியில் இருப்பதே சாதனத்தின் மேல் எழுதப்படட்டும்" என்பதை அந்த ஒரு தடவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திசையை மாற்றி வைத்துவிட்டால் காலியான சாதனம் கணினியில் இருப்பதையும் துடைத்துவிடும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும் கணினியில் உள்ள பயனர் கோப்புறையை முழுதாக ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

64 பிட் விண்டோஸில், பாமின் கணினி நிரலான பாம் டெஸ்க்டாப்புடன் வரும் யூஎஸ்பி இயக்கி வேலை செய்யாது. அசீக்கா நிறுவனம் வெளியிட்ட 64 பிட் இயக்கி தேவை. லினக்ஸில் ஜே-பைலட் என்ற நிரல் போதும். கேபிளைச் சொருகியதும் கணினி ஜையரைக் காணாது. திரையில் ஹாட்சிங் ஐகானைத் தட்டிய பிறகுதான் அது யூஎஸ்பியில் தலைகாட்டும். "கேபிள் போச்சு" என்று தூக்கி எறிபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் பிரச்சினை.

நெய்தல்:
நல்ல விளக்கம், நன்றி. ஆனா இது என் வாதத்துக்குத்தான் பலம். கடைசியா ஒத்திசைச்ச நாளுக்கு அப்புறம் எழுதினது எதுவும் திரும்பாது. பேக்கப் பிட், அதாவது 'இதை நகல் எடு'ங்கிற குறி போடாத வெளி நிரல்களோட கோப்புகள் கணினிக்கு வந்தே இருக்காது. முதல் தடவையா இப்படி ஒரு கருவி வாங்கறவங்களுக்காகத்தான் 99 டாலர் விலை வெச்சாங்க. பயனர் கோப்புறையை நகல் எடுன்னு அவங்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க? பழகினவங்க கையில இந்தக் குறை தெரியாது, புதுசா வர்றவங்க கையிலதான் வெடிக்கும்.

சார்ஜர் துளையும் தனி. யூஎஸ்பி கேபிள்ல சார்ஜ் ஏறாது. பழைய சந்தையில சார்ஜர் இல்லாம வர்ற ஜையர் வெறும் பிளாஸ்டிக்தான்.

எழுத்தாணி:
சார்ஜர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். அந்த மினி யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் கொடுத்திருக்கலாம்.

வளைகோடு:
அப்படியானால் ஏன் யாரும் ஜையர் 21 பற்றிப் பேசவில்லை? அடுத்த ஆண்டே, 2003இல், அதே 99 டாலருக்கு வந்தது. 8 எம்பி, 126 மெகாஹெர்ட்ஸ் ஓமேப் சிப், பாம் ஓஎஸ் 5. பின்விளக்கு அதிலும் இல்லை, ஆனால் நினைவகச் சண்டை தீர்ந்துவிடும்.

எழுத்தாணி:
நினைவகம் தீர்ந்தது, எழுத்து கெட்டது! முதல் ஜையரில் இருப்பது பழைய கிராஃபிட்டி, அதாவது குச்சியால் திரையில் எழுதும் முறை. எழுத்துகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இழுப்பு. ஸெராக்ஸ் காப்புரிமை வழக்குக்குப் பிறகு பாம் கிராஃபிட்டி 2க்கு மாறியது. ஜையர் 21இல் அதுதான். அதில் ஐ, கே, டி (T), எக்ஸ் நான்குக்கும் இரண்டு இழுப்பு வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எல் என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு. இடைவெளி என்பது இடமிருந்து வலம் ஒரு கோடு. இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால் அதுவே டி எழுத்து! "கால்" என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி வேகமாக இடைவெளி போட்டால் கடைசி எல் டி ஆகி நிற்கும். ஒரு நொடி காத்திருந்து போட்டால் தப்பிக்கலாம். குறிப்பெடுக்கவென்றே வாங்கும் கருவியில் வார்த்தைக்கு வார்த்தை காத்திருப்பதா?

வளைகோடு:
பழகினால் கை தானே நிதானிக்கும், ஐயா. பழைய கிராஃபிட்டியில் மட்டும் என்ன? ஏ எழுத்துக்குக் குறுக்குக் கோடு போடக்கூடாது என்பதிலிருந்து எல்லாமே புதுப் பாடம்தான். கிராஃபிட்டி 2 அச்சு எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, புதியவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். நெய்தல் சொல்லும் அந்த முதல் தடவை வாங்குபவருக்கு 21தான் ஏற்றது. எழுத்து சரியாக விழவில்லை என்றால் முதலில் ப்ரெஃப்ஸ் என்ற அமைப்புப் பகுதிக்குப் போய், தொடுதலை உணரும் டிஜிடைசரை அளவு திருத்துங்கள். எழுதும் பகுதி தேய்ந்து வழுக்கினால் மங்கலான ஒட்டு டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

குறிப்பேடு:
இரண்டிலும் உள்ள ஒரு எல்லையைச் சொல்ல வேண்டும். பாம் ஓஎஸ் தேதியின் ஆண்டுப் பகுதி 7 பிட், 1904இலிருந்து எண்ணுகிறது. 127 ஆண்டு கூட்டினால் 2031. அதற்குப் பிறகு நாட்காட்டி கிடையாது. தமிழும் எழுத முடியாது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய லத்தீன் முறை, யூனிகோட் இல்லை. ரோமன் எழுத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழையது வாங்கும்போது நோட்பேடைத் திறந்து குறுக்காக மெதுவாக நான்கு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஒரே இடத்தில் துள்ளினால் டிஜிடைசர் போய்விட்டது, அளவு திருத்தியும் பயனில்லை. பிறகு முழு மீட்டமைப்பு: பவர் பட்டனை அழுத்தியபடியே பின்துளையில் ஊசியால் குத்தி எடுங்கள், சின்னம் தெரிந்ததும் பவரை விடுங்கள், மேல்நோக்கு பட்டனை அழுத்துங்கள். முந்தையவரின் தகவல் முழுக்கப் போய்விடும். முழுசாகச் சார்ஜ் செய்து இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். பேட்டரி அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் வாங்காதீர்கள்.

நெய்தல்:
இவ்வளவு சோதிச்சு வாங்கறதுக்கு எம்125 தேடுங்கன்னுதான் இப்பவும் சொல்வேன். 8 எம்பி, ஏஏஏ பேட்டரி, பின்விளக்கு, எஸ்டி கார்டு. வாரம் ஒருமுறை கார்டுல நகல் எடுத்து வெச்சா பேட்டரி செத்தாலும் கணினி இல்லாமலே மீட்டுக்கலாம்.

எழுத்தாணி:
எம்125 வந்தபோது 249 டாலர். பழைய சந்தையில் ஜையர் விலைக்கே கிடைத்தால் வாங்குங்கள், மறுக்க மாட்டேன். 2002இல் 99 டாலர் மட்டும் வைத்திருந்தவருக்கு பாம் புதிதாகக் கொடுத்தது ஜையரைத்தான்.