'ஒலிவப் பழ ஈ' என்பதற்கு மாற்றாக ஒரு சொல்

அன்புடையீர்,

ஆங்கிலத்தில் olive fruit fly எனப்படும் பக்ட்ரோசெரா ஒலியே என்னும் பூச்சிக்கு 'ஒலிவப் பழ ஈ' என்ற சொல்லை நம் கலைச்சொற் குழு முடிவாக்குமுன் சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகிறேன். 'ஒலிவ' (ஆலிவ்) என்னும் முற்பகுதியில் எனக்குத் தடையில்லை. ஒலிவமலை, ஒலிவ எண்ணெய் என்று விவிலியத் தமிழ் வழியாக அது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதற்குப் பதிலாக 'வெரளு' என்னும் சிங்களப் பெயரை எழுதுவது பொருந்தாது. அதை ஆங்கிலத்தில் இலங்கை ஒலிவம் என்று சொன்னாலும், அது வேறு குடும்பத்து மரம். என் தடையெல்லாம் 'பழம்' என்பதிலேயே இருக்கிறது.

ஆங்கிலம் காயையும் பழத்தையும் ஒரே சொல்லால் சுட்டிவிடும். தமிழுக்கு அந்த வழக்கம் இல்லை. இந்த ஈ பச்சைக் காயையே நாடுகிறது. விதை இறுகத் தொடங்கும் பருவத்தில், ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமுள்ள பெண் ஈ வயிற்றின் நுனியிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி, பெரும்பாலும் காய்க்கு ஒன்றாக முட்டை வைக்கிறது. புழு சதையைக் குடைந்து தின்ன, காய் உதிர்ந்துவிடும். உதிராமல் நின்றாலும் அதிலிருந்து பிழியும் எண்ணெயில் அமிலத்தன்மை கூடிவிடும். பச்சை ஒலிவக் காயில் ஒலியுரோப்பீன் என்னும் கடுங்கசப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் ஒரு குடற் பற்றீரியாவே அந்தக் கசப்பை மீறிப் புழுவை வளரவைக்கிறது. அந்தப் பற்றீரியா நீக்கப்பட்ட புழுக்கள் பழுத்த ஒலிவத்தில் வளர்ந்தன, பச்சைக் காயில் வளரவில்லை என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். காயில் வாழ்வதற்கென்றே ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு வரும் உயிரைப் 'பழ ஈ' என்றால், அதன் தனித்தன்மையே சொல்லில் மறைந்துபோகும்.

அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் துரோசோபிலாவையும் 'பழ ஈ' என்றே எழுதி வருகிறோம். கெட்ட பழத்தைத் தேடி வருவதும் நல்ல காயைக் கெடுப்பதும் ஒரே பெயரில் நிற்பது மாணவருக்குப் பெருங்குழப்பம்.

சென்ற வாரம் எங்கள் வளவுப் பந்தலில் ஒரு பாகற்காய் கோணலாக வளைந்திருந்தது. வளைவின் உட்புறத்தில் ஊசி முனையளவு புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் பூத்த தோலும் இருந்தன. அறுத்தபோது வெண்புழுக்கள் உடலை வளைத்துத் துள்ளின. "இலையான் குத்தின காய், புதைச்சு விடுங்கோ" என்றார் அம்மா. ஈயை எங்கள் ஊரில் இலையான் என்போம். பாகலைக் கெடுப்பது ஒலிவ ஈயின் நெருங்கிய உறவு. 'குத்துதல்' என்னும் வினை அம்மாவின் வாயில் ஆயத்தமாக இருந்தது.

எனவே 'ஒலிவக் காய்குத்தி ஈ' என்பதை முன்வைக்கிறேன். மரங்கொத்தி என்னும் சொல்லைப் போன்றே இதுவும் அமைந்திருக்கிறது. 'காய் துளைப்பான்' ஏற்கெனவே அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு வழங்குவதால் அதை விட்டுவிட்டேன். 'ஒலிவக் காயீ' சுருக்கமானதுதான். ஆனால் புணர்ச்சியில் 'ஈ' கரைந்து, கேட்பவருக்கு எதுவும் விளங்காது. எனக்கு மிகவும் பிடித்த 'இலையான்' என்பதையும் மனமில்லாமலே விலக்குகிறேன். 'ஒலிவ இலையான்' என்றால் தமிழகத்து வாசகர் ஒலிவ இலையை உண்ணும் பூச்சி என்றே கொள்வார்.

1847இல் இங்கு வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்தில் கலைச்சொல் ஆக்கும் வேலை நடந்து வருகிறது. ஊரார் வாயிலுள்ள வினையை அந்த வேலைக்கு எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஒன்றை மட்டும் உறுப்பினர்கள் ஆராய வேண்டும். 'காய்குத்தி ஈ' என்பதை இந்த ஈயின் குடும்பம் முழுவதற்கும் பொதுப்பெயராக்கினால், முற்றிய மாங்காயிலும் முட்டையிட்டு, கறுத்தக்கொழும்பானைப் பழுத்தபின் புழுவோடு நம் கையில் தரும் இனத்துக்கும் அது பொருந்துமா? குத்தும்போது அதுவும் காய்தான் என்பதால் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.