பி.ஏ. ஆங்கிலத்துக்கு 3 லட்சம் கடன்: போடலாமா, வேண்டாமா?

குலசேகரத்துக்காரன்:
தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.ஏ. இங்கிலீஷ்தான், அதுவும் சென்னையில்தான் என்று ஒரே பிடி. செல்ஃப் பைனான்ஸ் சீட், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷம் 1 லட்சம் ஆகும். வீட்டில் இருப்பது எழுபது சென்ட் ரப்பர், அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் கிடைக்கும் 14,000. கல்விக் கடன் போடலாமா? படித்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பழைய_பிஏ:
வேண்டாம் மக்கா. நானும் அதே படிப்பு, அதே கடன். முடித்ததும் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஸ்கூலில் 9,000 சம்பளம், பி.எட். இல்லாத ஆளுக்கு அதுவே ஜாஸ்தி என்றார்கள். தவணை 5-ம் தேதி, சம்பளம் 10-ம் தேதி. அந்த அஞ்சு நாளும் பேங்க் மெசேஜ் அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று போனைக் கவிழ்த்தே வைத்திருப்பேன். இலக்கியம் படித்ததில் எனக்கு வருத்தம் கிடையாது, கடன் வாங்கிப் படித்ததில்தான்.

ஓஇடி_டீச்சர்:
தம்பி பழைய பிஏ, உங்கள் கஷ்டம் புரிகிறது, அதுக்காக எல்லாப் பிள்ளைகளையும் பயமுறுத்த வேண்டாம். நானும் பி.ஏ. இங்கிலீஷ்தான். மார்த்தாண்டத்தில் நர்சுகளுக்கு ஓ.இ.டி. பயிற்சி கொடுக்கிறேன், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு அது. நம்ம மாவட்டத்தில் எந்தத் தெருவில் நர்ஸ் இல்லாத வீடு இருக்கிறது? பிரிட்டன் போக வேண்டுமானால் ஓ.இ.டி.யில் பேச, கேட்க, வாசிக்க 'பி', எழுதுவதில் 'சி பிளஸ்' எடுக்க வேண்டும். பத்து வருஷம் ஐசியூவில் வேலை பார்த்த பிள்ளை, நோயாளியை இன்னொரு இடத்துக்கு அனுப்பும் கடிதம் எழுத உட்கார்ந்தால் கேஸ் ஷீட்டில் இருக்கிற அத்தனையையும் அப்படியே இறக்கி வைப்பாள். எதை விடணும், எதை முதலில் சொல்லணும் என்று 40 நிமிஷத்துக்குள் எழுதப் பழக்குவதுதான் என் வேலை. அதுக்கு எனக்கு உதவியது அந்த மூணு வருஷப் படிப்புதான்.

பேங்க்_கவுண்டர்:
சண்டைக்கு நடுவில் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 4 லட்சம் வரை மார்ஜின், அதாவது உங்கள் கைப்பணப் பங்கு, வேண்டாம், ஜாமீன் சொத்து வேண்டாம், பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். படிக்கிற மூணு வருஷமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். 10 சதவீதம் என்று வையுங்கள். வருஷம் 1 லட்சமாக எடுத்தால் தவணை தொடங்கும்போது 3 லட்சம் 3,90,000 ஆகியிருக்கும். பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாசம் சுமார் 5,150. மொத்தம் 6 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். இன்னொன்று, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசு கொடுக்கும் வட்டி மானியம் தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான். பி.ஏ.வுக்கு அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பழைய_பிஏ:
பார்த்தீர்களா? 9,000-த்தில் 5,150 போனால் பஸ்ஸுக்கும் சாயாவுக்கும்தான் மிச்சம். டீச்சர், உங்களோடு பி.ஏ. படித்த செட்டில் எத்தனை பேர் ஓ.இ.டி. சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஓஇடி_டீச்சர்:
என்னையும் சேர்த்து ரெண்டு பேர். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்கள் சும்மா இல்லை. நாலு பேர் பி.எட். முடித்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார்கள், அதில் ஒருத்தி அரசுப் பள்ளியில் பி.டி. அசிஸ்டென்ட், அதாவது பட்டதாரி ஆசிரியை. அடிப்படைச் சம்பளமே 36,400-ல் தொடங்குகிறது.

தக்கலை_ரோடு:
அக்கா, வழியைச் சொல்லுங்கள், தூரத்தையும் சொல்லுங்கள். பி.ஏ. மூணு, பி.எட். ரெண்டு, அப்புறம் டெட் ரெண்டாம் தாள், அதுக்கும் மேலே ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டி.ஆர்.பி. தேர்வு. வங்கியின் அந்த ஒரு வருஷ அவகாசம் பி.எட். பாதியிலேயே தீர்ந்துவிடும், பேசி நீட்டித்தால் வட்டி ஏறும். பி.எட். ஃபீஸ் வேறே. குரூப் 4 ஜூனியர் அசிஸ்டென்ட் வேலைக்குப் பத்தாம் வகுப்பே போதும், 19,500-ல் தொடங்கும், அதை டிகிரியோடு சேர்த்தே எழுதலாம்.
எனக்கு ஒரே கேள்விதான். சென்னை எதுக்கு? இங்கேயே அரசு உதவி பெறும் எய்டட் சீட் இருக்கிறதே. ஒரே காம்பவுண்டில் எய்டட் பிள்ளையும் செல்ஃப் பிள்ளையும் படிப்பார்கள், பாடம் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று, ரசீதில்தான் வித்தியாசம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தால் கடன் என்ற பேச்சே வராது.

ஓஇடி_டீச்சர்:
எய்டட் கிடைத்தால் நானும் அதைத்தான் சொல்வேன். கிடைக்காவிட்டால் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கவா? சென்னையில் மூணு வருஷம் தனியாக இருந்து பழகிய பிள்ளை இன்டர்வியூவில் பேசும் விதமே வேறு. அது ரசீதில் வராது.

பழைய_பிஏ:
நானும் சென்னையில்தான் படித்தேன் டீச்சர். நல்லாத்தான் பேசினேன், அந்த 9,000-க்கு.

குலசேகரத்துக்காரன்:
தங்கச்சியிடம் பேசினேன். அழுதாள், அப்புறம் எய்டட் வெயிட்டிங் லிஸ்டில் பேர் கொடுக்கச் சம்மதித்தாள். கிடைக்காவிட்டால் சென்னை, ஆனால் அந்த வட்டியைப் படிக்கும்போதே மாசாமாசம் நான் கட்டிவிட்டால் ஏதாவது குறையுமா பேங்க் சார்?

பேங்க்_கவுண்டர்:
குறையும். வட்டி சேராது. அப்படிக் கட்டினால் படிப்புக் காலத்துக்கு 1 சதவீதம் தள்ளுபடியும் பெரும்பாலும் உண்டு, கிளையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருஷம் மாசம் 830 ரூபாய் பக்கம் வரும், மூணாவது வருஷம் 2,500.

பழைய_பிஏ:
830 என்றால் கிலோ 180-க்குப் போனாலும் நாலரை கிலோ ரப்பர் ஷீட். மழை பிடித்து ரப்பர் வெட்டு நிற்கிற மாசத்தையும் இப்பவே யோசித்து வையுங்கள்.