கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது சூரணம்: தோல் புண்ணுக்கு அதுதான் காரணமா?

கேள்வி:
மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கி மூன்றாவது வாரம் நடக்கிறது. மூட்டுவாதத்திற்காக முன்பிருந்தே மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துவரும் அவர், உறவினர் கொடுத்த மூலிகைச் சூரணத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடுகிறார். கதிர் படும் இடம் கருஞ்சிவப்பாகி, அக்குள் மடிப்பில் நீர் கசிகிறது. சூரணத்தால் இப்படி ஆகுமா?

பதில் 1:
கதிர்வீச்சு மட்டுமே இதற்குப் போதும். 2, 3 வாரங்களில் தோன்றும் சிவப்பு, சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் வரையிலும் கூடலாம். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டோ, டாக்ஸோரூபிசின், செடுக்சிமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளோ சேரும்போது பாதிப்பு கடுமையாகக்கூடும் என்பதால், சூரணத்தைவிட மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன். அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். நீர் கசிவதை அடுத்த அமர்வு வரை தள்ளிப்போடாமல் இன்றே தெரிவியுங்கள்.

பதில் 2:
சூரணத்தின் மீதான சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உட்பொருள் தெரியாத கலவையில் மருந்துகளின் வேலையை மாற்றும் மூலிகையோ, சொல்லாமல் சேர்த்த ஸ்டீராய்டோ இருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்ந்து கல்லீரலைப் பாதிக்கவும் கூடும். ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பி (நானும் ஒரு காலத்தில் நம்பினேன்) புண்ணின் மேல் எதையும் அரைத்துப் பூச வேண்டாம்.

பதில் 3:
சிகிச்சை முடிந்த பின்னரும் கவனம் தேவை. சில மருந்துகளைப் பிறகு தொடங்கும்போது, ஆறிப்போன அதே இடம் மறுபடி சிவந்து எரியலாம். டாக்டினோமைசின் என்ற புற்றுநோய் மருந்தில் இது 1959-லேயே பதிவாகியுள்ளது.

கேட்டவர்:
நன்றி. சூரண டப்பாவையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இன்று மாலையே மருத்துவமனைக்குச் செல்கிறோம்.