புல் ரிக்குவெஸ்டில் கொமிட் செய்தி வருவதில்லை, ஏன்?

கொக்குவில் பெடியன்:
பருத்தித்துறையில் பலகாரம் செய்து விற்கும் அன்ரி ஒருவருக்கு விலைப்பட்டியல் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். விலை மாறினால் அந்தக் கொமிட் செய்தியை (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பை), கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் அக்‌ஷன்ஸ் எடுத்து அவருடைய டெலிகிராமுக்கு அனுப்ப வேண்டும். மெயின் கிளைக்கு (முதன்மைப் பிரதிக்கு) நேரே புஷ் செய்தால் (ஏற்றினால்) ஒழுங்காகப் போகிறது. தங்கச்சி புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தை மெயினில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டால் "விலை மாற்றம்:" என்ற தலைப்பு மட்டும்தான் போகிறது. இரண்டுக்கும் ஹெட் கொமிட் (கடைசிக் கொமிட்) மெசேஜைத்தான் எடுக்கிறேன். இன்னொன்று: பருத்தித்துறை "தட்டை வடை" விலை கூடியது என்று மேற்கோளோடு எழுதினால் "தட்டை" வரைக்கும்தான் போகிறது. யாராவது சொல்லுங்கோ.

சுன்னாகம் அண்ணை:
தம்பி, ஹெட் கொமிட் என்பது புஷ் நிகழ்வோடு மட்டும் வரும் தரவு. புல் ரிக்குவெஸ்ட் நிகழ்வில் அது கிடையாது. கையால் ஓட்டினாலும், நேர அட்டவணையில் ஓடினாலும் கிடையாது. அங்கே ஹெட் கொமிட்டின் ஷா (அதன் அடையாள எண்) மட்டும் புல் ரிக்குவெஸ்ட் தரவுக்குள் இருக்கும். கோப்புகளை இறக்கும் செக்அவுட் படிக்கு அந்த ஷாவைக் கொடுத்துவிட்டு, கிட் லாக்கில் (கொமிட்களின் பட்டியலில்) கடைசி ஒன்றை எடுங்கோ. ஷாவைக் கொடுக்காமல் விட்டால் கிட்ஹப் தானே உண்டாக்கும் தற்காலிக மேர்ஜ் (இணைப்பு) கொமிட்தான் இறங்கும், அதில் தங்கச்சி எழுதியது இருக்காது.

வடை விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. செய்தியை ரன் வரிக்குள் (கட்டளை எழுதும் இடத்துக்குள்) நேரே போட்டிருக்கிறீர்கள். ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஓடமுதலே கிட்ஹப் அந்த எழுத்துகளை அப்படியே கட்டளைக்குள் ஒட்டிவிடும். செய்தியில் இருந்த மேற்கோள் உங்கட மேற்கோளை மூடிவிட்டது, இடைவெளியில் கட்டளை வெட்டுப்பட்டது. இன்றைக்கு வடை, நாளைக்கு யாரோ ஒருவர் செய்திக்குள் கட்டளையே எழுதினால் அதுவும் ஓடும், டெலிகிராம் டோக்கனும் (செய்தி அனுப்பும் இரகசியச் சாவி) களவு போகும். என்வ் (env) பகுதியில் ஒரு மாறிக்குள் செய்தியை வாங்கி, ஷெல்லில் அந்த மாறியை மேற்கோளுக்குள் வைத்துப் பாவியுங்கோ. இதை முதலில் செய்யுங்கோ, மற்றது பிறகு.

நான் என்றால் புல் ரிக்குவெஸ்டில் அன்ரிக்கு ஒன்றும் அனுப்பமாட்டேன். மேர்ஜ் ஆகும்வரை விலை மாறவில்லையே. மேர்ஜ் ஆனால் மெயினில் புஷ் நிகழ்வு வரும்தானே, அதுவே போதும். ஆனால் ஸ்குவாஷ் மேர்ஜ் (எல்லாக் கொமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்யுங்கோ. சாதாரண மேர்ஜ் என்றால் "மேர்ஜ் புல் ரிக்குவெஸ்ட்" என்று தொடங்கும் ஆங்கில வரிதான் அவருக்குப் போகும்.

கொக்குவில் பெடியன்:
நன்றி அண்ணை. என்வ் மாற்றியாச்சு, வடை முழுதாகப் போகிறது. ஸ்குவாஷும் போட்டேன். மாறிய கோப்புகளின் பெயரையும் சேர்த்தேன். பலகாரம் என்று தமிழில் பெயர் வைத்த கோப்பு \340\256\252 என்று தொடங்கி வெறும் இலக்கமாக வருகிறதே?

சுன்னாகம் அண்ணை:
கோப்பு பழுதில்லை. அந்த மூன்று இலக்கமும் சேர்ந்ததுதான் "ப". ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கிட் இயல்பாகவே இப்படித்தான் காட்டும். கிட் கொன்ஃபிக்கில் (அமைப்புகளில்) கோர் குவோட்பாத் (core.quotePath) என்பதை ஃபோல்ஸ் ஆக்குங்கோ. அதோடு, செக்அவுட் இயல்பாக ஒரு கொமிட்டைத்தான் இறக்கும். பழையதோடு ஒப்பிட ஃபெட்ச் டெப்த்தை 0 ஆக்கினால் முழு வரலாறும் வரும்.