பனிக்காலத்தில் டெக்கின் ஒரு மூலை எழும்பிவிட்டது, தூணை அறுக்கலாமா?

மழைக்குருவி:
வணக்கம் நண்பர்களே. போன கோடையில் வீட்டுக்குப் பின்னால் நானே ஒரு டெக், அதாவது வீட்டோடு ஒட்டிய மரப்பலகை மேடை, கட்டினேன், 12க்கு 14 அடி. ஒரு பக்கம் டெக்கைத் தாங்கும் லெட்ஜர் பலகையைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறேன். வெளிப்பக்கம் குழி தோண்டி ஊற்றிய மூன்று காங்கிரீட் கால்கள், அவற்றின் மேல் மரத்தூண்கள். டிசம்பர் வரை கல் மாதிரி நின்றது. இப்போது பிப்ரவரி, இடது மூலை 2 அங்குலம் எழும்பியிருக்கிறது. மற்ற இரண்டும் அரை அங்குலம்தான். வலைக்கதவு பலகையில் உரசிப் பாதியில் நின்றுவிடுகிறது, உருகும் தண்ணீர் சுவரை நோக்கி வருகிறது. அந்தத் தூணில் 2 அங்குலம் அறுத்து மட்டம் பார்த்துவிடலாமா?

சுத்தியல்:
முதலில் ரம்பத்தைக் கீழே வையுங்கள். இப்போது அறுத்தால், மண் இளகியதும் கால் இறங்கும், தூண் அந்தரத்தில் தொங்கும். குழி எவ்வளவு ஆழம்? மண் எப்படி?

மழைக்குருவி:
2 அடி. அதற்கு மேல் கல் தட்டுப்பட்டது, முதுகும் விட்டுப்போனது. இங்கே விதிப்படி 4 அடி என்று இப்போதுதான் பார்த்தேன். மண் மாவு மாதிரி வண்டல்.

சுத்தியல்:
அதுதான் விஷயம், கால் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போகவில்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், ஆனால் அதனால் மட்டும் 2 அங்குலம் எழும்பாது. உறைந்த மண் கீழேயிருக்கும் ஈரத்தைத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அது அடுக்கடுக்காகப் பனித்தகடாகப் படிந்து காலைத் தூக்கும். வண்டல் மண் இதற்கு ரொம்ப வசதி. பருமணலும் சரளையும் அப்படி இழுக்காது. வீட்டு அஸ்திவாரம் ஆழத்தில் இருப்பதால் அது அசையவில்லை, டெக்கின் வெளிப்பக்கம் மட்டும் எழும்புகிறது.

கருவேலம்:
ஆழம் சரி, ஆனால் மூன்று கால்களும் 2 அடிதானே? இடது மூலை மட்டும் ஏன் இவ்வளவு? கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது?

மழைக்குருவி:
ஐயோ. சரியாக அந்தக் காலுக்குப் பக்கத்தில்தான்.

கருவேலம்:
பிடிபட்டது! குழாயில் ஒரு நீட்டிப்பு மாட்டித் தண்ணீரைத் தள்ளி விடுங்கள், இன்றைக்கே செய்யலாம். அப்புறம் காலின் மேல்பக்கம் பாருங்கள், குழியை விட அகலமாகக் காங்கிரீட் வழிந்து காளான் குடை போல இருக்கிறதா?

மழைக்குருவி:
இருக்கிறது. காங்கிரீட்டுக்கு அச்சாக அட்டைக்குழாய் வைக்காமல் நேரே குழியில் ஊற்றினேன்.

கருவேலம்:
அந்தக் குடைக்கு அடியில் மண் உறைந்தால் ஜாக்கி வைத்தது போலத் தூக்கும். சொரசொரப்பான பக்கச்சுவரையும் உறைந்த மண் பிடித்துக்கொள்ளும், அதனால் ஆழமான கால்கூட எழும்பியதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஊற்றும்போது வழவழப்பான அட்டைக்குழாய், அடிப்பக்கம் அகலமாக.

பனித்துளி:
காலைச் சுற்றிக் குளிர் தடுக்கும் நுரைப்பலகை புதைத்தால் தோண்ட வேண்டாமே?

சுத்தியல்:
ஆழம் குறைந்த அஸ்திவாரத்துக்கு நுரைப்பலகை வைக்கும் முறை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வீட்டுச்சூடு மண்ணுக்குள் இறங்குவதை நம்பித்தான். டெக்குக்கு அடியில் எந்தச் சூடும் கிடையாது. கணக்குப் போடாமல் இறங்க வேண்டாம்.

மழைக்குருவி:
வசந்தத்தில் தானாக இறங்கிவிடுமா?

சுத்தியல்:
முழுதாக இறங்காது. கால் எழும்பிய இடத்தில் அடியில் சேறு புகுந்துகொள்ளும், வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதைவிட எனக்குக் கவலை லெட்ஜர். சுவருக்கும் பலகைக்கும் இடையில் புது இடைவெளி தெரிந்தால் யாரையும் டெக்கில் ஏறவிடாதீர்கள். மண் நன்றாக இளகிய பிறகு தற்காலிக முட்டு கொடுத்து ஒவ்வொரு காலாக மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். தோண்டும் முன் மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காங்கிரீட்டுக்குப் பதில் மண்ணில் திருகி இறக்கும் இரும்புத்தூண் யோசித்தால், கல் நிறைய இருப்பதால் அதைப் போடுபவரிடம் முதலில் மண்ணைக் காட்டுங்கள், பெரிய கல்லில் அது இறங்காது.

மழைக்குருவி (மே மாதம்):
லெட்ஜரில் இடைவெளி இல்லை. குழாயை நீட்டிவிட்டேன். மூலை ஒன்றரை அங்குலம் இறங்கியது, மீதி அரை அங்குலம் அப்படியே நிற்கிறது. நேற்று முட்டு கொடுத்து இடது காலைத் தோண்டினேன். குடைக்கு அடியில் கை நுழையும் அளவு பொந்து. நான்கரை அடி வரை போய்விட்டேன். அந்தக் கல்லை வெளியே எடுக்க மட்டும் பாதி நாள்.