'வாழச் சிறந்த ஊர்' பட்டியலில் முதலிடம் எப்படி முடிவாகிறது?

வடக்குவீதி:

அமெரிக்கப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் போடும் 'வாழச் சிறந்த ஊர்கள்' பட்டியல் பற்றி ஒரு சந்தேகம். யு.எஸ். நியூஸ் 2023-இல் விஸ்கான்சினின் கிரீன் பேயை முதலிடத்தில் வைத்தது. 2024-இல் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ், 2025-இல் ஜார்ஜியாவின் ஜான்ஸ் கிரீக். 'மனி' பத்திரிகையிலும் 2018-இல் டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, அடுத்த வருடமே டென்னசியின் கிளார்க்ஸ்வில். ஓர் ஊர் பன்னிரண்டு மாதத்தில் அவ்வளவு மாறிவிடுமா? கணக்கு எப்படிப் போடுகிறார்கள், எந்த இடத்தில் அது தடம் மாறுகிறது? வேறு மாநிலத்துக்குக் குடிபோக நினைப்பவர் இதை எந்த அளவுக்கு நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

யார் முதலிடம் என்று பார்ப்பதற்கு முன்னால், யாரையெல்லாம் போட்டிக்கே எடுக்கவில்லை என்று பாருங்கள். கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் 'எப்படித் தேர்ந்தெடுத்தோம்' என்று ஒரு பகுதி இருக்கும். முடிவில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நீங்கள் சொன்ன மூன்று ஊர்களையே எடுங்கள். 2023 வரை யு.எஸ். நியூஸ் வரிசைப்படுத்தியது பெருநகரப் பகுதிகளை, அதாவது ஒரு நகரமும் அதைச் சுற்றிய கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சேர்ந்த தொகுப்பை. 2024-இல் அந்த அலகையே விட்டுவிட்டுத் தனித்தனி நகரங்களுக்கு மாறினார்கள். ஜான்ஸ் கிரீக் என்பது அட்லாண்டாவின் வடக்குப் புறநகர். பழைய முறையில் அது 'அட்லாண்டா' என்ற ஒரே வரிக்குள் கரைந்திருக்கும். முதலிடம் இருக்கட்டும், அதன் பெயரே பட்டியலில் வந்திருக்காது. ஆகவே 2023-ஐயும் 2025-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

'மனி' கதையும் இதுதான். 1987-இல் தொடங்கியபோது பெருநகரப் பகுதிகளை எடுத்தார்கள், நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா முதலிடம் பிடித்தது. பின்னால் சிறு ஊர்களுக்கு மாறினார்கள். 2007-இலிருந்து சில ஆண்டுகள் ஒற்றைப்படை ஆண்டில் 50,000 பேருக்குக் கீழான ஊர்கள், இரட்டைப்படை ஆண்டில் 50,000 முதல் 3,00,000 வரை உள்ள ஊர்கள் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். கொலராடோவின் லூயிவில் 2009-இல் முதலிடம், 2011-இல் மறுபடியும் முதலிடம். நடுவில் 2010-இல் மினசோட்டாவின் ஈடன் ப்ரேரி. லூயிவில்லுக்கு அந்த வருடம் ஒரு குறையும் வந்துவிடவில்லை, களத்திலேயே இல்லை, அவ்வளவுதான்.

இதன் பிறகு வடிகட்டல். குடும்ப வருமானம் மாநில அளவைவிட ரொம்பக் குறைவா, வெளியே. குற்ற விகிதம் ரொம்ப அதிகமா, வெளியே. ஒரு மாநிலத்திலிருந்தோ ஒரு கவுண்டியிலிருந்தோ இத்தனை ஊருக்கு மேல் வரக்கூடாது என்று உச்சவரம்பு வைப்பதும் உண்டு. நாடு முழுக்க வாசகர் உள்ள பத்திரிகை, பத்து இடத்தையும் ஒரே மாநிலத்துக்குக் கொடுத்தால் விற்காது. அதனால் உங்கள் ஊர் பட்டியலில் இல்லை என்றால் மதிப்பெண் குறைவு என்று அர்த்தமில்லை, பக்கத்து ஊர் அந்த இடத்தை எடுத்திருக்கலாம்.

தாமரைச்செல்வி:

மேலே சொன்னது சரி. அடுத்த கட்டமான மதிப்பெண்ணையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

வீட்டு விலை டாலரில் இருக்கும், பயணம் நிமிடத்தில், குற்றம் ஆயிரம் பேருக்கு இத்தனை என்று. எல்லாவற்றையும் கூட்ட வேண்டுமானால் 0 முதல் 100 வரை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரணும். எளிய வழி, பட்டியலில் மிக மோசமானதுக்கு 0, மிகச் சிறந்ததுக்கு 100, மற்றவை நடுவில். ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். மூன்று ஊர்களில் வீட்டு விலை 2,50,000, 4,00,000, 30,00,000 டாலர். முதல் ஊருக்கு 100, கடைசிக்கு 0. நடு ஊருக்கு 94.5 வரும். வாங்குகிறவருக்கு ஒன்றரை லட்சம் டாலர் வித்தியாசம், மதிப்பெண்ணில் ஐந்தரைதான்! ஒரே ஒரு பணக்கார ஊர் உள்ளே வந்து அளவுகோலையே இழுத்துவிட்டது. 8,00,000-க்கு மேல் எல்லாம் பூஜ்யம் என்று உச்சம் கட்டினால் அதே நடு ஊருக்கு 73-தான். எந்த ஊரும் மாறவில்லை, விலையும் மாறவில்லை.

பிறகு வெயிட்டேஜ், அதாவது எந்த அம்சத்துக்கு எத்தனை விழுக்காடு முக்கியத்துவம் என்பது. 'அ' ஊருக்கு வீட்டில் 80, பள்ளியில் 50. 'ஆ' ஊருக்கு வீட்டில் 40, பள்ளியில் 85. வீட்டுக்கு 60%, பள்ளிக்கு 40% என்றால் அ 68, ஆ 58. அதைத் திருப்பிப் போட்டால் அ 62, ஆ 67. முதலிடம் கைமாறிவிட்டது.

இதை முழுசாகவே சோதித்திருக்கிறார்கள். 1985-இல் வந்த 'பிளேசஸ் ரேட்டட் அல்மனாக்' 329 பெருநகரப் பகுதிகளை ஒன்பது பிரிவுகளில் தரம்பிரித்து பிட்ஸ்பர்க்கை முதலிடத்தில் வைத்தது. 1987-இல் பெக்கர், டென்பி, மெக்கில், வில்க்ஸ் என்ற நான்கு புள்ளியியலாளர்கள் அதே தரவை எடுத்து, வெயிட்டேஜை மட்டும் மாற்றினால் என்னவாகும் என்று பார்த்தார்கள். 134 ஊர்களை முதலிடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. 150 ஊர்களைக் கடைசிக்குத் தள்ள முடிந்தது. இரண்டு இடத்துக்கும் போகக்கூடியவை 59. இந்த 59 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அந்த 59 ஊர்களில் ஒன்று முதலிடமா கடைசியா என்பதைத் தரவு சொல்லவில்லை, கணக்குப் போட்டவர் எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் சொல்கிறது.

சில பத்திரிகைகள் வெயிட்டேஜை வாசகர் கருத்துக்கணிப்பிலிருந்து எடுக்கின்றன. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் '10-க்கு எத்தனை' என்று கேட்டால் சுத்தமான தண்ணீர், பாதுகாப்பு, மருத்துவம், பள்ளி எல்லாவற்றுக்கும் 8, 9 என்றுதான் விழும். எல்லாமே முக்கியம் என்றால் வெயிட்டேஜ் தட்டையாகிவிடும். '100 புள்ளியைப் பங்கிட்டுக் கொடுங்கள்' என்று கேட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பலாம்.

கண்ணில் படாத ஒன்றும் உண்டு. வருமானம், பட்டதாரி விழுக்காடு, பள்ளித் தேர்வு மதிப்பெண், வீட்டு மதிப்பு ஆகிய நான்கும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். தலா 10% கொடுத்தாலும் உண்மையில் பணத்துக்கு 40% கொடுத்ததாகிவிடும். அதனால்தான் பட்டியலைத் திறந்தால் வசதியான புறநகர்களாகவே வருகின்றன.

நிலவன்:

தரவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமானம், வாடகை, பயண நேரம் எல்லாம் சென்சஸ் பீரோ (அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு) நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து. அதில் ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேலுள்ள இடங்களுக்கு மட்டும்தான். சிறிய ஊர் என்றால் ஐந்தாண்டுச் சராசரி. ஆகவே 20,000 பேர் ஊரின் 'தற்போதைய' வாடகைக்குள் நான்கு வருடத்துக்கு முந்தைய பதில்களும் கலந்திருக்கும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு, அதாவது உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது, கொடுத்திருப்பார்கள், பத்திரிகைகள் அதை அச்சிடுவதில்லை. ஓர் ஊர் 92,000 ± 6,000 டாலர், இன்னொன்று 97,000 ± 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிழை வரம்புகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 9,200. வித்தியாசம் 5,000-தான், வரம்புக்குள் அடங்கிவிட்டது. இரண்டும் சமம் என்றுதான் கொள்ளணும். பட்டியலிலோ இதற்கே ஐந்தாறு இடம் இறங்கியிருக்கும்.

குற்றப் புள்ளிவிவரம் இன்னும் சிக்கல். விகிதம் போடும்போது கீழே போடுவது அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. 20,000 பேர் ஊரில் 600 திருட்டு, அதில் 400 பெரிய மாலில் நடந்த கடைத் திருட்டு என்றால், ஆயிரத்துக்கு 30 என்று காட்டும். குடியிருப்புத் தெருக்களில் 10-தான். மால் பக்கத்து ஊரில் இருந்திருந்தால் இதே ஊர் 'பாதுகாப்பானது'. காவல்துறைகளிடமிருந்து குற்றத் தரவைத் திரட்டும் எஃப்பிஐ 2021-இல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைகளே அந்த ஆண்டுத் தரவைக் கொடுக்கவில்லை. இந்த மாதிரி ஓட்டைகளைக் கவுண்டி சராசரியை வைத்து நிரப்புவார்கள். ஊர்களை வரிசைப்படுத்தத் தன் எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்பிஐயே எச்சரிக்கிறது.

சேலத்துக்காரன்:

நம்ம ஊரிலும் இதே நடந்தது. மத்திய அரசின் 'ஈஸ் ஆஃப் லிவிங்' (வாழ எளிதான நகரங்கள்) பட்டியலில் பெங்களூர் 2018-இல் 58-வது இடம், 2020 பதிப்பில் முதலிடம். பதிப்புக்குப் பதிப்பு முறை மாறியது. 2020-இல் 111 நகரங்களை 10 லட்சம் மக்கள்தொகையை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள், மக்கள் கருத்துக்கு 30% கொடுத்தார்கள். சேலம் 5-வது என்று வந்ததும் 10 லட்சத்துக்குக் கீழான பிரிவில். கோவை 7-வது என்றது பெரிய நகரங்களின் பிரிவில். இந்த இரண்டையும் ஒப்பிட்டு 'சேலம் கோவையை முந்தியது' என்று பகிர்கிறார்கள், அது தப்பு.

வடக்குவீதி:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாமா, இல்லை நாமே போட வழி இருக்கிறதா? ஐந்தாறு ஊர்கள் மட்டும்தான் மனதில் இருக்கின்றன.

தாமரைச்செல்வி:

தூக்கிப் போட வேண்டாம், முதல் ஐம்பதில் தெரியாத ஊர்ப் பெயர்கள் கிடைக்கும், அதற்குப் பயன்படும். வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஐந்தாறு ஊர் என்றால் ஒரு எக்செல் தாள் போதும். முதலில் 'இது இல்லாவிட்டால் வேண்டாம்' என்பவற்றை எழுதி, மதிப்பெண் போடாமல் நேரடியாக வெட்டுங்கள். வேலைக்கு 40 நிமிடத்துக்கு மேல் போக முடியாது என்றால், மலிவான வீடு அதை ஈடுகட்டக் கூடாது. கூட்டல் முறையில் ஈடுகட்டிவிடும், அதுதான் அதன் பெரிய குறை. மிச்சத்தில் ஆறு ஏழு அளவுகள் போதும். இடைநிலை வீட்டு மதிப்புக்கு (பாதி வீடுகள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) சென்சஸ் அட்டவணை பி25077, வாடகைக்கு பி25064, குடும்ப வருமானத்துக்கு பி19013, கட்டிய சொத்து வரிக்கு பி25103. பள்ளித் தேர்வு மதிப்பெண்ணை ஒரே மாநிலத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் தேர்வே வேறு.

வெயிட்டேஜைக் கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள், பேசி வைத்துக்கொள்ளாமல். பிறகு எக்செலில் தற்செயல் எண் தரும் 'ரேண்ட்' ஃபங்ஷனில் வெயிட்டேஜைத் தற்செயலாக இருநூறு முறை மாற்றி ஓடவிட்டு, எந்த ஊர் எத்தனை முறை முதல் இரண்டுக்குள் வருகிறது என்று எண்ணுங்கள். 150 தடவைக்கு மேல் வந்தால் அந்த ஊரைத் தைரியமாக நேரில் போய்ப் பார்க்கலாம். எல்லாம் 60, 70 என்று நின்றால் ஊர்களுக்குள் பெரிய வித்தியாசமில்லை, வாடகைக்கு எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:

சொத்து வரி அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. அது இப்போது அங்கே இருப்பவர்கள் கட்டுவது, நீங்கள் கட்டப்போவது அல்ல. கலிஃபோர்னியாவில் 1978-இன் பிரபோசிஷன் 13 என்ற சட்டப்படி, வீட்டை வாங்கிய விலையை ஒட்டியே வரி போடப்படும், வரி மதிப்பு (வரி போட எடுத்துக்கொள்ளும் வீட்டு மதிப்பு) ஆண்டுக்கு 2%-க்கு மேல் ஏறாது. பழைய உரிமையாளரின் வரி மதிப்பு 3,00,000 டாலரிலேயே நிற்கலாம். அதே வீட்டை 8,00,000-க்கு வாங்கினால் உங்களுக்கு அடிப்படை 1%-இலேயே 8,000 ஆகிவிடும், அவர் கட்டியது 3,000. ஃபுளோரிடாவிலும் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஏறுவதற்கு ஆண்டுக்கு 3% உச்சவரம்பு உண்டு, விற்றதும் மறுமதிப்பீடு வரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் சொத்து வரி கனமானது. எனவே பி25103-ஐ எடுக்காமல், கவுண்டி வரி அலுவலகத் தளத்தில் இப்போதைய விகிதத்தைப் பார்த்து, நீங்கள் கொடுக்கப்போகும் விலையால் பெருக்கிப் போடுங்கள்.