வீல் ஆஃப் டைம், பத்தாவது புத்தகம்: தொடர்வதா, விடுவதா?

பாமணி_ஆறு (மன்னார்குடி)

வணக்கம். ராபர்ட் ஜோர்டனின் வீல் ஆஃப் டைம் என்ற ஆங்கில மாயாஜால நாவல் வரிசையை முழுதாகப் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். பத்தாவது புத்தகமான கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்டின் நடுவில் நின்றுவிட்டேன். முதல் ஒன்பதைப் படிக்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கதை தெரிந்துவிடும்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. ஒன்பதாவது புத்தகம் எப்படி முடிந்தது! நாயகன் ரேண்டும் அவன் ஊர்ப் பெண் நைனீவும் அந்தப் பாழடைந்த நகரத்தில் உட்கார்ந்து, ஆண்களின் மந்திர சக்தியில் மூவாயிரம் வருஷத்துக்கும் மேலாக ஊறிக் கிடந்த கறையைக் கழுவி எடுக்கிறார்கள், சுற்றிலும் சண்டை நடக்கிறது, படித்து முடித்ததும் கை நடுங்கியது. அந்த வேகத்தில் பத்தாவதைத் திறந்தால், அதே நாளில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள், தூரத்தில் ஏதோ பெரிய சக்தி எரிவதை எப்படி உணர்ந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறார். ரேண்டின் நண்பன் பெர்ரினின் மனைவியை எட்டாவது புத்தகக் கடைசியில் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் இன்னும் பனியில் தேடிக்கொண்டிருக்கிறான். இளவரசி இலேன் அரியணை ஏறுவாளா என்று கேட்டால் பதில் இல்லை, அவள் குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. ரேண்டின் இன்னொரு நண்பன் மேட் வருகிற அத்தியாயங்கள் மட்டும்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன.

விட்டுவிடலாம் என்றால் மனசு வரவில்லை. நாலாவது புத்தகத்தில் பெர்ரின் தன் ஊரைக் காப்பாற்றத் திரும்பி வருகிறானே, அந்தப் பகுதிக்காகவே இந்த வரிசைமேல் எனக்குத் தனிப் பிரியம். ஆடு மேய்த்து, புகையிலை போட்டுப் பிழைக்கிற ஒரு ஊர், வரி கேட்டு ராணியின் ஆள் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது, தாங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்பதே பாதிப் பேருக்கு நினைவில்லை. அப்படிப்பட்ட ஊர் ஜனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. ராஜா ராணி கதைகள் நிறையப் படித்திருக்கிறேன், கிராமத்து ஆட்களை இவ்வளவு மதித்து எழுதியதை அதிகம் பார்த்ததில்லை. இதை வைத்து எடுத்த டிவி சீரியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் மூன்று சீசனோடு 2025இல் நின்றுவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான். பத்தாவதைத் தாண்டி நேராகப் பதினொன்றுக்குப் போகலாமா? கடைசி மூன்றை வேறொருவர் எழுதியிருக்கிறார் என்கிறார்கள், அவற்றில் இதே ஆட்கள்தான் இருக்கிறார்களா? முடித்தவர்களுக்கு, முடித்தது நல்லது என்று இன்றைக்கும் தோன்றுகிறதா?

திருபுவனம்_தறி

தாண்டாதீர்கள் தங்கச்சி. ஆனால் எல்லா வரியையும் ஒரே கவனத்தோடு படித்தாக வேண்டும் என்றும் இல்லை. மேட் அத்தியாயங்களை முழுசாகப் படியுங்கள், ரேண்டின் ஊர்ப் பெண் எக்வேன் வருகிறதை விடாதீர்கள், முக்கியமாகப் புத்தகத்தின் கடைசியில் அவளுக்கு வருகிற அத்தியாயத்தை. இலேன், பெர்ரின் இரண்டும் எந்த நிலையில் நிற்கின்றன என்று தெரிந்தால் போதும், கண்ணை ஓட்டிக்கொண்டு போகலாம்.

இது ஏன் இப்படி ஆனது என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் ஆறு புத்தகமும் 1990இலிருந்து 1994க்குள் வந்துவிட்டன. அதில் பாதி நேரம் எல்லோரும் சேர்ந்தே பயணம் போகிறார்கள், ஒரு சம்பவம் நடந்தால் நாலு பேர் கதை ஒன்றாக நகரும். போகப் போக ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு அரசியல். ஒரு புத்தகத்தில் எல்லோரையும் தொட வேண்டும் என்றால் யாரும் ஒரு அடிக்கு மேல் எடுத்து வைக்க முடியாது. தொடாமல் விட்டாலும் சண்டைக்கு வந்தோம்: ஐந்தாவதில் பெர்ரினே இல்லை, எட்டாவதில் மேட் இல்லை.

எங்கள் ஊரில் தறி தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும், ஆயிரக்கணக்கில் இருக்கும், அது முடிகிற வரைக்கும் ஒரு அங்குலம் சேலைகூட ஏறாது. பத்தாவது புத்தகம் முழுக்க அந்த வேலைதான். பதினொன்றாவதான நைஃப் ஆஃப் ட்ரீம்ஸில் தறி ஓட ஆரம்பிக்கிறது. நீங்கள் கேட்ட பெர்ரின் கேள்விக்கும் இலேன் கேள்விக்கும் அதில் பதில் வந்துவிடும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். வெளிவந்த காலத்திலேயே வாங்கிப் படித்தவர்களுக்கு ஒன்பதாவது கிடைத்தது 2000இல், பத்தாவது 2003இல், பதினொன்றாவது 2005இல். மூன்று வருஷம் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பத்தாவதுதான் கிடைத்தது. அவர்களுக்கு வந்த கோபம் நியாயம். உங்களுக்கு அடுத்த புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நீடாமங்கலம்_கேட்

ஆடியோ புத்தகமாகக் கேளுங்கள். மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்று இரண்டு பேர் வாசிக்கிறார்கள். ஆண் பாத்திரத்தின் பார்வையில் போகிற அத்தியாயம் கிராமருக்கு, பெண் பாத்திரத்துடையது கேட் ரீடிங்குக்கு. கண்ணால் படிக்கும்போது இழுக்கிற வர்ணனை காதில் கேட்டால் அப்படி இழுப்பதில்லை, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வதைக் கேட்கிற சுகம் வந்துவிடுகிறது. நான் எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் வேலைக்குப் போய்வரும் பஸ்ஸிலேயே கேட்டு முடித்தேன். எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மன்னார்குடிக்காரரான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலேன் குளித்து முடிக்கிற வரைக்கும் பஸ் அங்கேயே நின்றிருக்கிறது, எனக்குக் குறையே தெரியவில்லை.

ஐயாறு_வடகரை

நான் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள் அம்மா. இவ்வளவு தூரம் படித்துவிட்டோமே என்பதற்காக மேலும் மூவாயிரம் பக்கம் படிப்பது வாசிப்பு ஆகாது, வட்டி கட்டுவது. நான் ஒன்பதாவதோடு நிறுத்தியவன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தொடர் நீளமாக இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், அதை நான் ஏற்க மாட்டேன். கல்கி பொன்னியின் செல்வனை 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் எழுதினார். நம் வீடுகளில் பெரியவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்று கேட்டிருப்பீர்கள், பத்திரிகை வந்ததும் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது. ஒரு வாரமாவது எதுவும் நடக்காமல் விட்டாரா? ஐந்து பாகம் முடிந்த பிறகும், இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டபோது, முடிவுரை என்று ஒன்று எழுதி அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வாசகனுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் காலத்திலேயே ஜெயமோகன் வெண்முரசை 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் முடித்தார், இருபத்தாறு நாவல், தினம் ஒரு அத்தியாயம், இணையத்தில் இலவசமாக. அதுவும் மெதுவாக நகரும் எழுத்துதான், ஆனால் நாளைக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்ததால் அந்த நிதானத்தை நான் ரசித்தேன். ஜோர்டனிடம் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான்.

நாலாவது புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அது மாதிரி எழுதத் தெரிந்தவர் பத்தாவதை எழுதினாரே என்பதுதான் என் ஆதங்கம்.

பேராவூரணி_தோப்பு

ஐயாறு ஐயா, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்த மனிதருக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதயத்தைத் தாக்குகிற அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் அவருக்கு வந்தது. பன்னிரண்டாவதுதான் கடைசிப் புத்தகம், எவ்வளவு பெரிதானாலும் அதோடு முடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்க முடியாமல் போகலாம் என்று தெரிந்ததும் குறிப்புகளை எழுதி வைத்தார், கதை எப்படி முடிகிறது என்று குடும்பத்தாரிடம் சொன்னார், கடைசிக் காட்சியை எழுதியும் வைத்தார். 2007 செப்டம்பர் 16 அன்று இறந்துபோனார். வாசகனுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் என்றீர்களே, இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அவருடைய மனைவி ஹாரியட்தான் முதலிலிருந்தே அவருக்கு எடிட்டர். அவர்தான் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். சாண்டர்சன் பள்ளிக் காலத்திலிருந்தே இந்த வரிசையைப் படித்து வளர்ந்தவர். ஒரே புத்தகமாக நினைத்தது மூன்றாக விரிந்து 2009, 2010, 2013 என்று வந்து முடிந்தது. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது அவருடைய அமர தாரா நாவல் பாதியில் நின்றதும், மகள் ஆனந்தி குறிப்புகளை வைத்து அதை முடித்ததும் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும்.

பாமணி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆட்கள் அவர்களேதான், குரல் கொஞ்சம் மாறும். வாக்கியம் எளிமையாகிவிடும், வேகம் கூடும், துணிமணி வர்ணனை குறைந்துவிடும். மேட் பேசுவது மட்டும் பன்னிரண்டாவதில் சரியாக வரவில்லை, அவன் நகைச்சுவை வேறு யாருடையதோ மாதிரி இருக்கும், அடுத்ததில் தேறிவிடும். ரேண்டுக்குப் பன்னிரண்டாவதின் கடைசி அத்தியாயத்தில் ஒன்று நடக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய நாலைந்து புத்தகங்களில் அவன் இறுகிக்கொண்டே போனதெல்லாம் எதற்கு என்று அங்கே தெரியும். பத்தாவதைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த இடம் அதே பலத்தோடு கிடைக்காது என்று நினைக்கிறேன்.

நான் கடைசி மூன்றைப் படித்தது கஜா புயலுக்கு அப்புறம். 2018 நவம்பரில் எங்கள் பக்கம் தென்னை அத்தனையும் சாய்ந்துவிட்டது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போனுக்கு சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கிற வீட்டைத் தேடிப் போக வேண்டும். அப்பா தோப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் மரம் அறுக்கிற வேலை, சாயங்காலம் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இந்தப் புத்தகம். கடைசிப் புத்தகத்தில் இறுதிப் போர் ஒரே அத்தியாயமாக ஏறத்தாழ இருநூறு பக்கத்துக்குப் போகிறது. சாதாரண ஊர்களிலிருந்து வந்த ஜனங்கள், ஜெயிப்போமா என்று தெரியாமலே, தங்களுக்கு விட்ட இடத்தில் நிற்கிறார்கள். அந்த நாட்களில் எனக்கு அது தேவைப்பட்டது. அதனால் இந்த வரிசையை யாராவது சும்மா பெரிது என்று ஒதுக்கினால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முடித்தது நல்லதா என்றால், ஆமாம், எந்தச் சந்தேகமும் இல்லாமல்.

அரசலாறு_கும்பகோணம்

பாமணி, முடிந்த தொடரைப் படிக்கிறீர்கள் என்பதே ஒரு கொடுப்பினை. நான் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வரிசையில், கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்று டிவியில் வந்ததே அதில், மாட்டியிருக்கிறேன். முதல் புத்தகம் 1996இல் வந்தது, ஐந்தாவது 2011 ஜூலையில், ஆறாவதுக்கு இன்றும் காத்திருக்கிறோம். டிவி தொடர் 2019லேயே தன் வழியில் முடிந்துவிட்டது. அதன் முடிவு எனக்குத் தெரிந்தும் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறேன், முடிவுக்காக மட்டுமா படிக்கிறோம்? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் பாரதம் படிப்பார்கள், யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாதவர் ஒருவரும் அங்கே இருக்க மாட்டார், ஆனாலும் கர்ணன் சாகிற அன்றைக்குக் கூட்டம் வரும்.

அதை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: நம் கடைகளில் கிடைக்கிற பெட்டியில் ஏழு புத்தகம் இருக்கும், ஏழு பாகத் திட்டம் என்று வேறு கேள்விப்பட்டிருப்பீர்கள், தொடர் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்து அச்சடித்ததால் ஏழு, உள்ளே இருப்பது ஐந்தின் கதைதான்.

ஐயாறு_வடகரை

தோப்பு தம்பி, கஜா பற்றி எழுதியதைப் படித்தேன். அப்பா நலமாக இருக்கிறாரா? மரம் திரும்ப வைத்தீர்களா?

என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நோய் வருவதற்கு முன்னால் எழுதிய எட்டு, ஒன்பது, பத்துக்கு அது பதில் ஆகாது. ஆனால் கடைசிக் காட்சியை எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பது எனக்குத் தெரியாத செய்தி. அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

பேராவூரணி_தோப்பு

நலம் ஐயா. பாதித் தோப்பில் கன்று வைத்தோம், இப்போது காய்க்கிறது.

பாமணி_ஆறு (மன்னார்குடி)

எல்லோருக்கும் நன்றி. ஐயாறு ஐயா சொன்ன வட்டிக் கணக்கு மனசில் தைத்தது, ஆனால் எனக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று படுகிறது. கோபத்தில் புத்தகத்தை மூடி வைத்த பிறகும், பெர்ரின் அந்தப் பனியில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று சமைக்கும்போது யோசிக்கிறேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? திருபுவனம் அண்ணா சொன்ன மாதிரி மேட், எக்வேன் அத்தியாயங்களை முழுதாகவும் மற்றதைக் காதிலும் முடித்துக்கொள்ளப் போகிறேன்.

ஒரே ஒரு உதவி. பதினொன்றாவது எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை, கிளை நூலகத்திலும் இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா? பதிலுக்கு முதல் ஒன்பதில் எது வேண்டுமானாலும் தருகிறேன், நாலாவதைத் தவிர.

திருபுவனம்_தறி

என்னிடம் இருக்கிறது. தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை மச்சான் மன்னார்குடி வருகிறார், கொடுத்தனுப்புகிறேன்.